முன்விசைக்கு ஒரு கீல்

மரம் அறுக்கிற மில் முதலாளி பட்டறைக்குள் காலை வைத்தபோது அக்காவின் கையில் அரம் இருந்தது. அதை அப்படியே அவர் நெஞ்சில் இறக்கியிருந்தாலும் நான் அவளைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் அவள் "வாங்க முதலாளி" என்றாள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவள் எத்தனை எச்சிலை விழுங்கினாள் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

ஊரில் எல்லோருக்கும் அவள் பட்டறை அக்கா. துப்பாக்கி பழுது பார்க்கிற அந்தப் பட்டறையை ஒரு காலத்தில் அவளும் தம்பியும் சேர்ந்து நடத்தினார்கள். உள்வேலை தம்பிக்கு, மெருகு வேலை அக்காவுக்கு. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, இந்த மகராசன் ஒரு பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியை விலைக்கு வாங்கின கையோடு சுத்தம் செய்யக் கொண்டுவந்து கொடுக்கிற வரைக்கும்.

தம்பி சரிபார்த்துக் கொடுத்த அன்று காலையிலேயே அதை வாங்கிக்கொண்டு மில்காரர் ஏரிக்கு வாத்து சுடப் போனார். கூடப் போனவன் அவருடைய மச்சினன். மனைவியின் ஒரே தம்பி, மில்லில் பாதிக்குச் சொந்தக்காரன். ஏரியில் ஒரு வாத்து விழுந்தது, அடுத்த நொடியே மச்சினனும் விழுந்தான். மில்காரர் மாரில் அடித்துக்கொண்டு அழுதார், இருக்கிற ரெண்டு விசையில் நான் முன்விசையைத்தான் தொட்டேன், முதல் தோட்டா போன அதிர்ச்சியில் ரெண்டாவது தானாக வெடித்துவிட்டது, பழுது பார்த்தவன் செய்த வேலை இது என்று.

துப்பாக்கி போலீஸ் கைக்குப் போகும் முன்பு ஒரு ராத்திரி முழுக்க அவர் வீட்டில்தான் கிடந்தது. பிறகு போலீஸ் பிரித்துப் பார்த்தால், இரண்டாவது குழலின் சுத்தியலைப் பிடித்து நிறுத்துகிற கொக்கியில் கன்னாபின்னாவென்று அரம் ஓடியிருந்தது. மரம் அறுக்கிற வாளுக்குக் கூர் போடுகிற முக்கோண அரத்தின் தடம் அது, எங்கள் பட்டறையில் அப்படி ஓர் அரமே கிடையாது என்று தம்பி தலைபாடாக அடித்துக்கொண்டான். யார் காதில் போட்டுக்கொண்டார்கள்? ஜெயிலுக்குப் போனான். மில் முழுசும் முதலாளி கைக்கு வந்தது. தண்டனை முடிந்து வந்தவனை இனி துப்பாக்கியைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். இப்போது மாடி அறையில் உட்கார்ந்து தையல் மெஷின் ரிப்பேர் செய்கிறான். யாராவது கூப்பிட்டால்கூட ஜன்னல் பக்கம் வரமாட்டான்.

அந்தத் துப்பாக்கிதான் இப்போது மேஜைமேல் படுத்திருந்தது. கோர்ட்டிலிருந்து போன வாரம்தான் திருப்பிக் கொடுத்தார்களாம். இந்த வேலைக்கு வேறு ஆள் கிடையாது என்பதால் வந்தாராம். பெரிய மனசு பண்ணி வந்தவர் மாதிரி நாற்காலியில் சாய்ந்துகொண்டு, பழசையெல்லாம் மனசில் வைத்துக்கொள்ளாதே என்று அவளுக்கே புத்தி சொன்னார். வாய் கூசவில்லை அந்த மனுஷனுக்கு.

புதுக் கொக்கி போடவேண்டும். அதோடு முன்விசைக்கு ஒரு கீல் வைக்கவேண்டும். இதுதான் அவர் கேட்ட வேலை. இரட்டைக்குழலில் விசைகள் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு இருக்கும். முன்விசை ஒரு குழலுக்கு, பின்விசை மற்றதற்கு. பின்விசையை இழுக்கும்போது விரல் முன்விசைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருக்கும். துப்பாக்கி உதைக்கிறபோது முன்விசை வந்து விரல் முதுகில் அறையும், சிலருக்குத் தோலே பிய்ந்துவிடும். கீல் வைத்துவிட்டால் விரல் பட்டதும் முன்விசை கதவு மாதிரி முன்பக்கம் மடங்கிக்கொடுக்கும். அடியும் இல்லை, தடயமும் இல்லை.

"என் பழைய துப்பாக்கிக்கு ஒத்தை விசைதான். இந்த ரெட்டை விசை நமக்குப் பழக்கமில்லைம்மா. பாரு, என்ன பண்ணி வச்சிருக்குன்னு" என்று ஆள்காட்டி விரலை நீட்டினார். முட்டியின் குறுக்கே வெள்ளையாக ஒரு தழும்பு. நகம் கோணலாக முளைத்திருந்தது.

அக்கா விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இந்தத் துப்பாக்கி சுடுகிற நிலையில் இவர் கையில் இருந்ததே அந்த ஒரே ஒரு நாள். இது இவர் விரலை அடித்தது என்றால் அன்றைக்குத்தான் அடித்திருக்கவேண்டும். முன்விசையை மட்டும் தொட்டவனுக்கு விரல் முதுகில் எப்படி அடிபடும்? விரல் பின்விசையில் இருந்திருந்தால்தான் படும். மனுஷன் தன் வாயாலேயே கொட்டிவிட்டார், கொட்டினது தெரியாமலே உட்கார்ந்திருக்கிறார். "செஞ்சிடலாம் முதலாளி" என்றாள். அவர் போனதும் கதவைச் சாத்தினாள்.

மாடிக்குப் போய்த் தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல ஆத்திரம் தலைக்கேறியது. குழலில் உள்பக்கமாக ஒரு வெட்டு போட்டால் போதும், முதல் வெடியிலேயே அவன் கை இருக்காது, மூஞ்சியும் இருக்காது என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. செய்யத்தான் நினைத்தாள்.

தம்பி கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்தான்.

"அப்படிச் செஞ்சா அவன் சொன்னது நிஜமாயிடும்க்கா. இந்தப் பட்டறைத் துப்பாக்கி தானா வெடிக்கும்னு ஊரே சொல்லும். நான் ஜெயிலுக்குப் போனது சரின்னு ஆயிடும்."

அவளுக்கு அது செருப்பால் அடித்தது மாதிரி இருந்தது. ஸ்டேஷனுக்குப் போகலாமா என்று யோசித்தாள். போனால் எங்கேயோ நசுங்கியது என்பான், பழைய தழும்புக்கு வயசு யார் சொல்வார்கள்? அன்றைக்கு அந்த விரலைப் பார்த்த ஒரு ஆள் வேண்டும். அப்படி ஒருத்தி இருந்தாள், அவன் பெண்டாட்டி. கோர்ட் வாசலில் தம்பியின் முகத்தில் துப்பிவிட்டு, நீ நாசமாப் போவே என்று சாபம் விட்டவள்.

கீலை அக்கா அவசரப்படாமல் செய்தாள். விசையை இரண்டாக அறுத்து, நடுவில் மயிரிழை ஆணி செருகி, பின்னால் இழுத்தால் கல் மாதிரி நிற்கவும் முன்னால் தள்ளினால் சத்தமில்லாமல் மடங்கவும் வைத்தாள். அவள் கையில் வந்த நல்ல வேலைகளில் அதுவும் ஒன்று. முடித்ததும் அதைத் தனியாக வைத்துவிட்டு, மில்காரர் கொண்டுவந்த பழைய விசையைப் போலவே மடங்காத ஒன்றைத் துப்பாக்கியில் மாட்டினாள். பிறகு அவருக்குப் போன் போட்டு, விரல் அளவு பார்க்க வேண்டும், ஒரு எட்டு வந்துவிட்டுப் போங்கள் என்றாள்.

அவருக்கு எப்போதும் மனைவிதான் கார் ஓட்டுவாள். அன்றைக்கும் அந்த அம்மா காரிலேயே உட்கார்ந்திருந்தாள். அக்கா வெளியே போய், வெயிலாக இருக்கிறது, உள்ளே ஃபேன் காற்றில் உட்காருங்கள் என்று கூப்பிட்டாள். அந்த அம்மா இவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனாலும் இறங்கி வந்து கதவோர ஸ்டூலில் உட்கார்ந்தாள், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு.

அக்கா மருந்தில்லாத இரண்டு வெத்துத் தோட்டாக்களைப் போட்டுத் துப்பாக்கியை அவர் கையில் கொடுத்தாள். கீலை எந்த இடத்தில் மடக்குவது என்று பார்க்கணும், எப்படி அடித்தது என்று அப்படியே செய்து காட்டுங்கள் என்றாள். மனுஷனுக்குத் தன் வீரத்தைக் காட்டுவதென்றால் சும்மாவா? தோளில் வைத்து, ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்து முன்விசையை இழுத்தார். டக். பக்கத்தில் நிற்கிற ஆளைப் பார்ப்பது மாதிரி உடம்பைக் கொஞ்சம் திருப்பினார், விரல் பின்விசைக்கு நழுவியது. டக்.

"இதோ, இங்கதான். பின்விசையை இழுத்ததும் முன்னது வந்து இந்த முட்டியில பொளேர்னு விட்டது. ரத்தம் கொட்டிச்சு."

"இந்தத் துப்பாக்கியா முதலாளி?"

"பின்னே? என்கிட்ட ரெட்டை விசை வேற எது இருக்கு?"

"எப்போ?" என்றாள் அக்கா.

துப்பாக்கி இன்னும் மில்காரர் தோளில்தான் இருந்தது. விரல் பின்விசையில். இரண்டாவது டக்குக்குத் திரும்பிய உடம்பைத் திருப்பிக்கொள்ளக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

அந்த அம்மா ஸ்டூலிலிருந்து எழுந்து வந்தாள். புருஷனின் கையைப் பிடித்து, துப்பாக்கியிலிருந்து விரலைக் கழற்றி, தழும்பைத் தன் கட்டைவிரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தாள்.

"இதுக்குக் கட்டுப் போட்டது நான். என் தம்பியைக் கூடத்துல படுக்க வச்சிருந்தாங்க. அவனை விட்டுட்டு எழுந்து வந்து உங்களுக்குக் கட்டுப் போட்டேன். கார் கதவுல நசுங்கிச்சுன்னு சொன்னீங்க."

கார் கதவுதான், இவள் ஏதோ சொல்லவைத்துவிட்டாள், பட்டறைக்காரிக்குப் பழைய பகை என்று அவர் என்னென்னவோ உளறினார். அந்த அம்மா எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. அவள் அக்காவைப் பார்த்தாள். அந்த நிமிஷம்வரை ஒருமுறைகூடப் பார்க்காதவள்.

பட்டறை அக்கா இந்த நாளுக்காகத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு உயிரை வைத்திருந்தாள். அவன் மூஞ்சி வெளுப்பதைக் கண்ணாரப் பார்க்கணும் என்று எத்தனை நாள் வேண்டியிருப்பாள். பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். தித்தித்தது, அதை மறைக்க எனக்கு ஒன்றும் அவசியமில்லை. ஆனால் எதிரே நின்ற, தம்பியை இழந்த இன்னொரு அக்காவின் முகத்தைப் பார்த்தபிறகு அவனைப் பார்க்கத் தோன்றவில்லை.

மேஜை டிராயரைத் திறந்து கீல் வைத்த விசையை எடுத்து அந்த அம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள். விரலால் தள்ளியதும் அது சத்தமில்லாமல் மடங்கிக்கொடுத்தது.

"இவர் கேட்டது இதுதாம்மா. அன்னைக்கே இது இருந்திருந்தா உங்களுக்கும் எனக்கும் கடைசிவரைக்கும் தெரிஞ்சே இருக்காது."

அந்த அம்மா விசையைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். மில்காரர் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தார். அது இங்கேயே இருக்கட்டும், போலீஸ் வந்து எடுத்துக்கும் என்று அந்த அம்மாதான் தடுத்தாள். கார் சாவிக்குக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

"உங்க தம்பியைக் கூப்பிடுங்க" என்றாள் அக்காவிடம். "ஸ்டேஷன்ல அவர் பக்கத்துல நின்னுதான் நான் சொல்லணும்."

அக்கா மாடிப்படியில் நின்று கூப்பிட்டாள். மேலே தையல் மெஷின் ஓடுகிற சத்தம் நின்றது. பிறகு செருப்பைத் தேடுகிற சத்தம் கேட்டது.