துவைக்கக் கூடாத சட்டை

போத்தனூரில் அந்தத் தெருப் பெண்கள் சித்திகா வீட்டுத் துணிக்கொடியை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் தங்கள் துணியை உதறிப் போடுவார்கள். அப்படியொரு பேர் அவளுக்கு. மகள் யுஸ்ரா காலையில் போட்ட உடுப்பு சாயங்காலம் வாளிக்குள் போய்விடும். சாயங்காலம் போட்டது மறுநாள் காலையில் போய்விடும். வீட்டில் வாஷிங் மெஷின் இருந்தது. ஆனால் பிள்ளைத் துணியை மட்டும் அதில் போட மாட்டாள். "மெஷினுக்குக் கண்ணா இருக்குது, கழுத்துப் பட்டையில அழுக்கு இருக்குதான்னு பார்க்கறதுக்கு?" என்பாள். பின்பக்கத்துத் துவைகல்லில் அவள் அடிக்கிற அடியைக் கேட்டால், அந்தத் துணி என்ன பாவம் செய்ததோ என்று இருக்கும்.

புருஷன் அப்துல் நாசருக்கும் துவைப்பதுதான் வேலை. சிரிக்காதீர்கள், நிஜம்தான். பல்லடம் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் இருந்தார். எந்தப் பிள்ளையும் போடாத பிள்ளைச் சட்டைகளை மறுபடி மறுபடி துவைத்து, சாயம் போகிறதா, சுருங்குகிறதா என்று பார்ப்பார். சம்பளமே அதற்குத்தான். வீட்டில் மட்டும் இந்த நாள்வரை ஒரு கைக்குட்டையைக்கூட அலசியதில்லை. கேட்டால், "ஆபீஸ் வேலைய ஊட்டுக்குக் கொண்டாரக் கூடாது அம்மணி" என்று ஒரு சட்டம் பேசுவார்.

அந்தக் கம்பெனியில் சரக்கு வாங்க வெளிநாட்டிலிருந்து புதிதாக ஒரு பையர் வந்தார். பிள்ளைச் சட்டைக்குப் பெரிய ஆர்டர் தருவதாகச் சொன்னவர், கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார். அவர்கள் ஊரில் பிள்ளைகள் போட்ட சட்டையையே துவைக்காமல் மறுபடி மறுபடி போடுவார்களாம். அதனால் நிஜப் பிள்ளைகள் ஒரு வாரம் துவைக்காமல் போட்ட சட்டை எப்படி இருக்கிறது என்று அவர் கண்ணால் பார்க்க வேண்டுமாம். முதலாளி அழகிரிசாமி சாம்பிள் சட்டைகளை வேலையாட்களின் பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்பினார். ஒரு வாரம் கழித்து எல்லாம் திரும்பி வந்தன. அத்தனையும் துவைத்து, நீலம் போட்டு, இஸ்திரி போட்டு, மடிப்புக் கலையாமல்! அதோடு விட்டார்களா? இன்னொருத்தர் கொடுத்த பையை வெறும் பையாகத் திருப்பித் தருவது எந்த ஊர் வழக்கம்? ஒரு பையில் முறுக்கு இருந்தது, இன்னொன்றில் நிலக்கடலை. சூப்பர்வைசர் தனபால் வீட்டுப் பையில் முருங்கைக்காய் நீட்டிக்கொண்டு நின்றது.

அழகிரிசாமிக்குக் கோபம் தலைக்கேறியது. தலைக்கேறினாலும் மரியாதை குறையவில்லை, கொங்குச் சீமையாயிற்றே.

"ஏனுங்க நாசரு, நீங்கெல்லாம் கிறுக்கனுங்களா? முறுக்கா கேட்டேன்? அழுக்குக் கேட்டேனுங்க! பையர் மறுக்கா வர்றதுக்குள்ள எனக்கு ஒரே ஒரு அழுக்குச் சட்டை வேணும். இல்லீன்னா நீங்க ஈரோட்டுச் சாயப்பட்டறைக்குப் பொட்டி கட்டுங்க."

நாசர் ஒரு வெள்ளை அரைக்கைச் சட்டையோடு வீட்டுக்கு வந்து, விஷயத்தைச் சித்திகாவிடம் மென்று விழுங்கிச் சொன்னார்.

"ஒரு வாரமா? துவைக்காமயா? ஏனுங்க, அதுக்கு என்னையக் கெணத்துல தள்ளிப்போடுங்க."

"ஈரோடு போனா நான் எப்பவாச்சும்தான் ஊட்டுக்கு வருவேன். பார்த்துக்க."

"நாலு பேரு என்னைய என்னன்னு நெனப்பாங்க?"

"நாலு பேருக்குச் சொல்லவும் கூடாது சித்திகா. புது மாடல். வெளிய தெரிஞ்சா வேற கம்பெனிக்காரன் அடிச்சுட்டுப் போயிருவான்."

கடைசியில் அவள் நிபந்தனையோடு ஒத்துக்கொண்டாள். பையர் ஒருத்தர் மட்டும்தான் பார்க்க வேண்டும். பார்த்த கையோடு சட்டை வீட்டுக்குத் திரும்ப வேண்டும். யார் வீட்டுச் சட்டை என்று ஒரு ஈ காக்கைக்குத் தெரியக் கூடாது. மூன்றுக்கும் நாசர் சத்தியம் செய்தார். செய்துகொண்டே, பழக்கதோஷத்தில், சாம்பிள் அடையாளச் சீட்டில் 'யுஸ்ரா' என்று எழுதிச் சட்டைக்குள் குத்தினார்.

சோதனை அங்கேதான் ஆரம்பித்தது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தினமும் சேற்றில் உருண்ட கோலத்தில் வருகிற யுஸ்ரா, "இந்தச் சட்டைய அழுக்காக்கலாம் கண்ணு" என்றதும் ஆளே மாறிவிட்டாள். மடியில் துண்டு விரித்துச் சாப்பிட்டாள். மண்ணில் உட்காரச் சொன்னால் "சீ" என்றாள். விளையாடிக் காட்டுகிறேன் என்று நாசரே வாசலில் மண்ணில் உட்கார்ந்து உருண்டார். அந்த லுங்கியையும் சித்திகாதான் துவைத்தாள்.

வழி பிறந்தது சித்திகாவின் வாயால். பிள்ளை விளையாடக் கிளம்பும்போது எல்லாம் மறந்துபோய், "சட்டையில ஒரு பொட்டு பட்டுச்சு, தோலை உரிச்சுப்போடுவேன்!" என்று வழக்கம்போலக் கத்தினாள். அவ்வளவுதான். பொழுது சாய்வதற்குள் தோளில் நாவல்பழம், மார்பில் பரோட்டா சால்னா, ஓரத்தில் சைக்கிள் செயின் மசகு, கையில் மூக்கைத் துடைத்த தடம். நாசர் சட்டையைப் பார்த்துக் கண்கலங்கி "மாஷா அல்லாஹ்!" என்றார். சித்திகாவுக்கும் கண் கலங்கியது. அது வேறு கலக்கம்.

மறுநாளிலிருந்து அதே சட்டையோடு பிள்ளை தெருவில் திரிந்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பக்கத்து வீட்டு லின்சி முதலில் வந்தாள்.

"ஏனுங்கக்கா, உங்க ஊட்ல தண்ணி வரலீங்களா?"

"வருது கண்ணு."

பதிலை நம்பாமல் லின்சி இரண்டு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தாள். அடுத்து அவள் புருஷன் வின்ஸ்டன் வாஷிங் மெஷின் மெக்கானிக்கை அனுப்பினான். வந்தவர் நன்றாக ஓடிக்கொண்டிருந்த மெஷினைப் பிரித்துப் போட்டுவிட்டு, பெல்ட் வாங்கி வருகிறேன் என்று போனார். எதிர்வீட்டிலிருந்து மிளகு ரசம் வந்தது, சித்திகாவுக்கு உடம்பு முடியவில்லையாம். முக்குக் கடை சஹீர் பாய் கேட்காமலேயே பையில் சோப்புக் கட்டியைப் போட்டு அனுப்பினார். பள்ளிவாசலில் ஒரு பெரியவர் நாசரைத் தூணோரம் ஒதுக்கி, "ஊட்ல ரெண்டு பேருக்கும் மனஸ்தாபமா தம்பி? பேசித் தீர்த்துக்கலாம்" என்றார். ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் தீர்ந்துவிடும். அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்லக் கூடாது. சித்திகா கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். தன் கொடியைப் பார்த்துத் துணி போட்ட தெரு இப்போது தன்னைப் பார்த்து உச்சுக்கொட்டுகிறதே என்று அவளுக்கு ஆறவில்லை.

கடைசி நாள் யுஸ்ராவைக் குளிப்பாட்டிவிட்டு, சட்டையை ஆணியில் மாட்டி வைத்திருந்தாள். தோசைக்கு மாவு கலக்கிக்கொண்டிருந்தவளுக்குப் பின்பக்கம் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், லின்சி! ஒரு கையில் சோப்புப் போட்ட வாளி, மறு கையில் அந்தச் சட்டை. நனைய இன்னும் ஒரு சாண்தான் பாக்கி.

"தொட்டே, கைய முறிச்சுப்போடுவேன்!" சித்திகா மாவுக் கையோடு பாய்ந்தாள். "குடுடி! அது எங்க ஊட்டு அழுக்கு!"

தெருவே கேட்டது. லின்சி விக்கி விக்கி அழுதாள். "உங்க நல்லதுக்குத்தானுங்கக்கா செஞ்சேன்..." சித்திகா சட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வாயில் வந்த உண்மையை விழுங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் நாசர் சட்டையைக் கொண்டுபோனார். வெறுங்கையோடு திரும்பினார்.

"சட்டை எங்கீங்க?"

"பையர் கையோட கொண்டு போயிட்டாரு."

"துவைக்காமயா?"

"துவைக்காமத்தான்."

"அடப்பாவமே! ஏர்போர்ட்டுல பொட்டியத் தொறந்து பார்ப்பாங்களேங்க!"

நாசருக்கு ஈரோடு தப்பியது. ஆர்டர் உறுதியானதும் லின்சியிடம் சித்திகா நிஜத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். லின்சி தெருவுக்குச் சொன்னாள், தெரு சிரித்தது. கொடிக்குப் பழைய மரியாதை மெல்லத் திரும்பியது. மழைக்காலமும் வந்து போனது.

ஒருநாள் மதியம் கம்பெனி வேன் டிரைவர் ஒரு பார்சலைக் கொடுத்துவிட்டுப் போனார். சித்திகா பிரித்தாள். அதே சட்டை! தோளில் நாவல்பழம், மார்பில் சால்னா, ஓரத்தில் மசகு. மூக்குத் தடம்கூட அந்த இடத்திலேயே இருந்தது. "வந்துட்டியா!" என்று சட்டையிடமே சொன்னாள். அவளுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அடுத்த நிமிடம் அது சோப்புத் தண்ணீரில் ஊறியது.

ஊறியது, அடித்தாள், கறை போகவில்லை. பிரஷ் போட்டுத் தேய்த்தாள், போகவில்லை. சத்தம் கேட்டு லின்சி ஓடிவந்தாள். இந்த முறை யாரும் அவள் கையை முறிக்கப் போவதில்லை. எலுமிச்சை வந்தது, சோடா மாவு வந்தது, மண்ணெண்ணெய்கூட வந்தது. இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. நாவல்பழம் பறித்த அன்றைக்கு இருந்ததைவிடப் பளிச்சென்று நின்றது.

அந்த நேரத்தில் அல்வாப் பொட்டலத்தோடு நாசர் உள்ளே வந்தார்.

"பார்த்துட்டியா! நான் வந்து சொல்லலாம்னு இருந்தேன். இது பழைய சட்டையில்ல சித்திகா, புதுசு. பையருக்கு நம்ம யுஸ்ரா அழுக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சு. அப்படியே பிரிண்ட் போடச் சொல்லிட்டாரு! மாடலுக்குப் பேரே யுஸ்ராதான், கழுத்துல பாரு. கண்டெய்னர் கண்டெய்னரா தூத்துக்குடியில கப்பலேறிருச்சு. என்னைய லேப் இன்சார்ஜ் ஆக்கிட்டாங்க!"

சித்திகா சட்டைக் கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். இங்கிலீஷ் எழுத்தில் மகள் பேர் இருந்தது. மானம் கப்பலேறும் என்று ஊரில் சொல்லக் கேட்டிருக்கிறாள், தூத்துக்குடி வழியாக என்று அவளுக்குத் தெரியாது.

"ஏனுங்க," என்றாள். "அத்தனை ஊரு அம்மாமாரும் பார்ப்பாங்களேங்க. 'யாரு இந்த யுஸ்ரா, இந்தப் புள்ளைக்கு அம்மா இல்லியா'ன்னு கேப்பாங்களேங்க!"

நாசருக்கு அந்த வருத்தம் எட்டவில்லை. அவருக்கு அவர் வேலையின் பெருமை.

"கேட்டா கேக்கட்டும், கறை மட்டும் அசையாது. டெஸ்ட் பண்ணுனதே நாந்தானே? துவைகல்லு தேஞ்சாலும் தேயும், இந்தக் கறை தேயாது!"

சித்திகா எழுந்தாள். முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அல்வாவை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, அந்தக் கையில் சோப்பை வைத்தாள்.

"அப்படீங்களா? கல்லு தேயுதான்னு பாருங்க."

லின்சி வாளியை அவர் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.