பத்தாயிரத்து ஒன்பது

மைதானத்து ஒலிபெருக்கி திடீரென்று அலறியது.

"இப்ப நான் பேர் சொல்ற ஒன்பது பேரும் வெளிய வாங்க!"

மேனேஜரின் குரல். ஆலையின் ஆண்டு விழா அணிவகுப்புக்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. பத்தாயிரத்து ஒன்பது தொழிலாளர்கள், ஒரே நீலச் சீருடை, ஒரே தொப்பி. அணிவகுப்பில் இல்லாதவருக்கு வேலையும் இல்லை என்று வாசலில் நோட்டீஸ் தொங்கியது.

அழைக்கப்பட்ட ஒன்பது பேரும் சாயப் பிரிவுப் பெண்கள். போன மாதம் கையுறை கேட்டு வேலையை நிறுத்தியவர்கள்.

அணிவகுப்புக்குப் பயிற்சி கொடுத்த டீச்சர் விறுவிறுவென்று மேடையேறினாள்.

"ஏன் சார், இவங்க மட்டும்?"

"பழிவாங்குறேன்னு நினைக்காதீங்க டீச்சர். வெறும் கணக்கு. நூறு வரிசை, வரிசைக்கு நூறு பேர். மிச்சம் ஒன்பது. எல்லா வரிசையும் சமமா இருக்கணும்னு முதலாளி உத்தரவு."

"பத்தாயிரத்து ஒன்பது பகா எண் சார். ஒன்னையும் தன்னையும் விட்டா வேற எதாலயும் வகுபடாது. எத்தனை வரிசை போட்டாலும் சமமா வராது."

"அதைத்தானே நானும் சொல்றேன்!"

"ஆனா ஒருத்தரைக் கழிச்சாலே போதுமே! நூத்தி முப்பத்தொன்பது வரிசை, வரிசைக்கு எழுபத்திரண்டு. கச்சிதம். உங்களுக்கு மட்டும் ஏன் ஒன்பது கேக்குது?"

மைக் அணையவில்லை. மைதானமே சிரித்தது. பேக்கிங் பிரிவில் நின்ற மேனேஜரின் மனைவியும்தான்.

அவர் காது சிவந்தது. "வாய் நீளுது டீச்சர். சதுரமா நிக்கலைன்னா உங்க வேலையும் காலி."

"சதுரம்தானே? ஒன்னுக்கு ரெண்டாத் தர்றேன்."

விசில் பறந்தது. கூட்டம் கலைந்தது. சாயப் பிரிவுப் பெண்கள் அந்த நீலத்தில் கரைந்து எங்கோ போனார்கள். தூசி அடங்கியபோது நூற்றுக்கு நூறாக ஒரு பெரிய சதுரம். அதற்கு முன்னால், மேடையை முறைத்தபடி, மூன்றுக்கு மூன்றாக ஒரு குட்டிச் சதுரம். ஒரு ஆள் மிச்சமில்லை.

மேனேஜர் பல்லைக் கடித்தார். "ஓ, அந்த ஒன்பது பேரையும் முதலாளி கண்ணு முன்னாடியே நிறுத்துறீங்களா? எனக்கு வேலை மிச்சம். செக்யூரிட்டி! அந்தக் குட்டிச் சதுரத்தை அப்படியே கேட்டுக்கு வெளிய தள்ளு!"

குட்டிச் சதுரத்தின் முதல் வரிசையில் ஒருத்தி தொப்பியைக் கழற்றினாள்.

"தாராளமாத் தள்ளச் சொல்லுங்க. அப்படியே நம்ம வீட்டுச் சாவியையும் வாங்கிக்கங்க, நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன்."