கறி கழுவிய தண்ணீர்

கேரளாவில் ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் என்று செய்தி வந்த நாள்முதல், சுண்ணாம்புத்தூளை மிதிக்காமல் ஒரு குருவியைக்கூட என் தொழுவத்துக்குள் விட்டதில்லை. ஒரு சினைப்பன்றியும் எட்டுக் குட்டிகளும்தான் என் சொத்து. என் வீட்டுக்காரர் மஸ்கட் வேலையை இழந்து திரும்பியபின் எங்களுக்குச் சோறு போட்டவை அவைதான்.

அடுத்த காம்பவுண்டில் அவருடைய அண்ணன் சுந்தர்சிங் அத்தான். அவரும் பன்றி வளர்ப்பவர். மகள் கல்யாண விருந்துக்குத் தன் பன்றியையே அறுத்தார். கல்யாண வீட்டுக் கழுநீர்க் காடியும் கழிவும் பன்றி வளர்க்கும் சொந்தக்காரிக்கு என்பது எங்கள் ஊர் வழக்கம். கறி கழுவிய தண்ணீரும் கொழுப்புமாக நிறைந்திருந்த டிரம்மை நான் இழுத்தேன். என் இடுப்பு ஒடியும் என்று அத்தானே ஓடிவந்து தூக்கிவிட்டார்.

"பிடி மக்கா, நடு முறிச்சிராத."

"உங்க பன்னிக்கு வேண்டாமா அத்தான்?"

"நீ கொண்டு போ."

நம் வீட்டுக் காடிதானே என்று காய்ச்சாமல் அப்படியே தொட்டியில் ஊற்றினேன்.

ஒரு வாரம் தாண்டவில்லை. சினைப்பன்றி தீனியைத் திரும்பிப் பார்க்கவில்லை. காது கருநீலமாகி, வயிற்றுக்குட்டிகள் செத்தே விழுந்தன. அதுவும் போயிற்று. ஐயோ, அந்த நாற்றம்! கால்நடை டாக்டர் ரத்தம் எடுத்துப்போய்ப் பார்த்துவிட்டு, சுற்றிலும் உள்ள பன்றிகளையெல்லாம் அழிக்க வேண்டும் என்றார். பச்சைக் கறிக்கழிவு ஏதும் போட்டீர்களா என்று கேட்டார். நான் அத்தானைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

"காய்ச்சல் கண்ட பன்னியையா அறுத்தீரு?"

"சொன்னா பிள்ளைக்க கல்யாணம் என்னாவும்? தின்ன மனுசனுக்கு ஒண்ணும் ஆவலியே!"

"தெரிஞ்சிருந்துமா எனக்க டிரம்மத் தூக்கிவிட்டீரு? நீரு நல்லா இருப்பீரா, பாவி!"

என் குட்டிகளை ஊசி போட்டுக் குழியில் தள்ளினார்கள். அத்தான் தன் தொழுவத்தைத் திறந்து காட்டி, எல்லாம் விற்றாயிற்று என்றார். அவர் மனைவி சபிதா அக்கா வேலியோரம் வந்து என் கையைப் பிடித்தாள்.

"ஏட்டி, ஒரு கடுவன் பன்னி மட்டும் கெடக்கு. அதுக்கு நோயில்ல. வாயத் தொறக்காத, உனக்குப் புண்ணியமாப் போவும்."

கையை உதறி டாக்டரிடம் திரும்பினேன்.

"சார், அவங்க குளிமுறிக்குள்ள ஒண்ணு நிக்குது."

குளியலறைக்குள் நின்றது வாட்டசாட்டமான ஆண்பன்றி. ஊசி ஏறியதும் அலறிச் சாய்ந்தது. குழிக்கு இழுக்க ஆள் போதவில்லை. அத்தான் படியில் உட்கார்ந்து தலையில் அடித்து அழுதார். நான் போய் ஒரு பின்னங்காலைப் பிடித்துக்கொண்டு திரும்பினேன்.

"வாரும் அத்தான், ஒரு கை பிடியும். எனக்க நடு முறியுது."