பெல்ட்டுத் துண்டில் ஓர் இடம்

சுரங்கத்துப் பழைய கன்வேயர் பெல்ட்டில் அறுத்தெடுத்த ரப்பர்த் துண்டுதான் மூவருக்கும் சாப்பாட்டுப் பாய். திருநெல்வேலிக்காரர் மாடசாமி பெர்மனென்ட். காடாம்புலியூர் நெடுமாறனும் சக்கரபாணியும் கான்ட்ராக்ட். ஊரும் சாதியும் சம்பளமும் வேறு. தொண்டையில் இறங்கும் கரித்தூசி மட்டும் ஒன்று. ஆனாலும் மூவரும் வந்து உட்காராமல் ஒருவர் டிபன் பாக்ஸும் திறக்காது.

தங்களையும் பெர்மனென்ட் ஆக்கச் சொல்லி கான்ட்ராக்ட் ஆட்கள் ஸ்ட்ரைக் அறிவித்தபோது, "நானும் ஒங்ககூட கேட்ல வந்து உக்காருதேன்டே" என்றார் மாடசாமி. வாய்ப்பேச்சுக்கு இல்லை, மனசாரத்தான் சொன்னார்.

ஸ்ட்ரைக் தொடங்கிய அன்று காலை அவர் மனைவி தமயந்தி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"குவார்ட்டர்ஸக் காலி பண்ணச் சொல்லிட்டாம்னா எங்க போவோம்?"

மாடசாமி வேலைக்குக் கிளம்பி, கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட்டார். சுரங்க வாசலில் நெடுமாறனும் சக்கரபாணியும் முன்வரிசையில் இருக்க, கூட்டம் வெயிலில் உட்கார்ந்திருந்தது. பஸ் அதைக் கடக்கையில், அவிழாத பூட்ஸ் லேஸைக் கட்டுவதற்காகக் குனிந்துகொண்டார்.

ஸ்ட்ரைக் தோற்றது. இருவரும் வேலைக்குத் திரும்பிய அன்று, தமயந்தியிடம் அவர்களுக்கும் சேர்த்து வைக்கச்சொன்ன மீன்குழம்போடு ரப்பர்த் துண்டில் காத்திருந்தார் மாடசாமி. அவர்கள் வந்தார்கள். உட்காரவில்லை.

"வாங்கடே, கொழம்பு ஆறிப் போவுது."

நெடுமாறன் அவர் காலையே பார்த்துக்கொண்டு நின்றான். இத்தனை வருஷமும் அண்ணே, அண்ணே என்று கூப்பிட்ட வாய் அது.

"லேசு இப்ப இறுக்கமா இருக்குதுங்களா, சார்?"