ஆற்றில் வந்த கோடிச்சேலை

முத்தாத்தாள் துணி மூட்டையைத் தலையில் வைத்துக் கட்டிக்கொண்டு பரிசலுக்குள் ஏறி உட்கார்ந்தபோது, பரிசல் இன்னும் மேட்டு மணலில்தான் கிடந்தது. ஆறு கொஞ்சம் தள்ளி இரைந்துகொண்டு போனது.

பரிசல்காரன் ஆத்தப்பன் இடுப்பில் கை வைத்தபடி அவளைப் பார்த்தான்.

"ஏனுங்க்கா, நீங்க ஏறி உக்காந்துட்டா ஆறு வடிஞ்சு போயிருங்களா?"

"வடிய வேண்டாம் ஆத்தப்பா. நீ எறக்கி உடு, போதும்."

அமராவதிக்கு அணை வருவதற்கு முந்தைய வருஷங்கள் அவை. மலையில் பெய்த ஐப்பசி மழையெல்லாம் தடுப்பாரில்லாமல் இறங்கி வந்தது. வேரோடு பிடுங்கின வாழைகளும், பாதி வைக்கோல் போரும், யார் வீட்டுக் கூரையோ ஒன்றும் செந்நிறத் தண்ணீரில் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு போயின.

முந்தின நாள் பொழுது சாய்கிற நேரத்தில், ஆற்றோடு கீழே இருக்கும் கொமரலிங்கத்திலிருந்து இரண்டு பேர் வந்து எழவு சொல்லிவிட்டுப் போனார்கள். சாரதாமணி நாலைந்து நாள் காய்ச்சலில் கிடந்து போய்விட்டாளாம். மறுநாள் உச்சிப்பொழுதுக்கு எடுக்கிறார்களாம். அவர்கள் திரும்பிப் போன பிறகுதான் தண்ணீர் ஏறியது. விடிந்து பார்த்தால் வண்டித்தடத்தில் குறுக்கிடுகிற இரண்டு ஓடைப்பள்ளங்களிலும் ஆள் மூழ்குகிற அளவுக்கு வெள்ளம். ஊரில் யாரும் போக முடியாது என்று சொல்லிவிட்டார்கள். போகாவிட்டால் தப்பில்லை என்றும் சொன்னார்கள்.

சாரதாமணி முத்தாத்தாளின் புருஷன் மருதாசலத்துக்கு ஒரே தங்கை. மருதாசலம் இறந்த அன்று சாரதாமணி, அண்ணன் மனைவியான இந்த நங்கையாளின் மடியில் விழுந்து அழுதாள். "எனக்கினிப் பொறந்த ஊடு ஏது நங்கையா? நாளைக்கு நான் செத்தா, கோடி போடறதுக்கு ஆரு இருக்கா?" என்று கேட்டாள். பெண் இறந்தால் பிறந்த வீட்டுக் கோடிச்சேலை அவள்மேல் விழ வேண்டும். அண்ணனும் போய், அண்ணனுக்குப் பிள்ளையும் இல்லை என்றால் அந்தச் சேலை எங்கிருந்து வரும்? "நானிருக்கறேன் அம்மிணி, நான் கொண்டாறேன்" என்று முத்தாத்தாள் சொன்னாள். தாலி இழந்த கையால் அதெல்லாம் ஆகாது என்று பக்கத்தில் யாரோ முணுமுணுத்தார்கள். சாரதாமணி தலை நிமிர்ந்து, "எனக்கு இந்தக் கையிதான் வேணும்" என்றாள். அவள் புருஷன் சென்னியப்பன் அப்போது நிலைப்படியருகே நின்றிருந்தான்.

தன்னைவிடப் பத்து வயது இளையவளுக்கு அப்படி ஒரு வாக்குக் கொடுத்ததை முத்தாத்தாள் பிறகு நினைத்ததே இல்லை. இன்று காலையில் தறிக்குழியில் இறங்கி, நெய்து முடித்திருந்த சேலையை அறுத்து எடுத்தபோதுதான் நினைத்தாள். சிவப்புக் கரை போட்ட மஞ்சள் சேலை. கஞ்சி விறைப்புக்கூட இன்னும் விடவில்லை.

ஆத்தப்பன் விடவில்லை. ஒரே ஆளை வைத்துக்கொண்டு இந்தத் தண்ணீரில் விட்டால் பரிசல் பம்பரமாகச் சுற்றும். எதிர்ப்பக்கம் ஓர் ஆள் கனத்துக்கு உட்கார்ந்து தண்ணீர் இறைக்க வேண்டும். அப்படி யார் வருவார்கள்?

புளியமரத்தடியில் துணிப்பொதிமேல் உட்கார்ந்திருந்த ஜமால் எழுந்து வந்தான். திருப்பூரிலிருந்து பனியன் கொண்டுவந்து சந்தை சந்தையாக விற்கிறவன். மழையில் மாட்டிக்கொண்டு இரண்டு நாளாக அந்த ஊரிலேயே கிடந்தான்.

"நான் வாறேனுங்க. எனக்கும் அக்கட்டாலதான் போவோணும்."

"நீச்சல் தெரியுமா பாயி?"

"தெரியாதுங்க. அதனாலதான் தண்ணியெ மளமளன்னு எறைப்பேன்."

ஆத்தப்பன் சிரிக்கவில்லை. ஆற்றைப் பார்த்தான், முத்தாத்தாளைப் பார்த்தான். "கண்ணாலமாகிப் போனப்பவும் அந்தப் புள்ள நம்ம பரிசல்லதான் போச்சுங்க" என்றான். பிறகு குனிந்து பரிசலின் விளிம்பைப் பிடித்தான். அவளை இறங்கச் சொல்லாமலேயே தண்ணீருக்கு இழுத்துக்கொண்டு போனான்.

ஆத்தப்பன் ஒரு கை தண்ணீரை அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். ஜமாலின் உதடுகள் அசைந்தன. முத்தாத்தாள் பழனி இருக்கும் திசையைப் பார்த்து, முருகா, சேலை நனையாமல் கொண்டுபோய்ச் சேர்த்துவிடு என்று வேண்டிக்கொண்டாள். தன் உயிரைப் பற்றிக் கேட்க வேண்டுமென்று அவளுக்குத் தோன்றவில்லை.

கரை விலகியது தெரியவில்லை. திரும்பிப் பார்த்தபோது புளியமரம் எங்கோ போயிருந்தது. ஆத்தப்பன் முட்டி போட்டு உட்கார்ந்து துடுப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றிக் குத்தினான். அவன் பரிசலைச் செலுத்தவில்லை, ஆறு செலுத்துவதைக் கொஞ்சம் திருத்திக்கொண்டிருந்தான். முத்தாத்தாள் விளிம்பைப் பிடித்த கையை எடுக்கவில்லை. ஜமால் தகரக் குவளையால் ஓயாமல் இறைத்தான்.

வாய்க்காலுக்குத் தண்ணீர் திருப்புகிற பழைய கல்லணை அன்று கண்ணுக்கே தெரியவில்லை. அது இருந்த இடத்தில் ஆறு முதுகை வளைத்துக்கொண்டு இறங்கியது. கீழே வெள்ளை நுரை கொதித்தது.

"படுத்துக்குங்க" என்றான் ஆத்தப்பன்.

முத்தாத்தாள் மூட்டையை மார்போடு அணைத்துக் குனிந்தாள். பரிசல் ஒரு கணம் அந்த வளைவின்மேல் நின்றதுபோல இருந்தது. பிறகு சடாரென்று கீழே போனது. தண்ணீர் முகத்தில் அறைந்தது. அடியில் ஏதோ பெரிதாக உரசி முனகியது. மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுப் பரிசல் நிமிர்ந்தபோது, மூன்று பேரும் அதற்குள் இருந்தார்கள்.

ஆனால் அவள் காலடியில் தண்ணீர் குமிழியிட்டு ஏறிக்கொண்டிருந்தது. பரிசலின் அடித்தோல் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்திருந்தது.

ஜமால் குவளையைப் போட்டுவிட்டு உள்ளங்கையை வைத்து அழுத்தினான். விரலிடுக்கில் பீய்ச்சியடித்தது. துடுப்பை விட்டால் பாறையில் போய் மோதும் என்று ஆத்தப்பன் திரும்பாமலே கத்தினான். துணி வைத்து அடைக்கச் சொன்னான். முத்தாத்தாள் தன் முந்தானையைக் கடித்துக் கிழித்துத் திணித்தாள். வருஷக்கணக்காகத் துவைத்து நைந்த வெள்ளைச் சேலை. அது நாராகப் பிய்ந்து தண்ணீரோடு வந்துவிட்டது. இன்னொரு துண்டும் அப்படியே வந்தது. தண்ணீர் கணுக்கால் வரை ஏறியது.

அவள் மார்பிலிருந்த மூட்டையைப் பார்த்தாள். உள்ளே நெருக்கமாக நெய்த புதுத்துணி இருந்தது. போய்விட்டவளுக்கு இது ஒரு போர்வை, இருக்கிற மூன்று பேருக்கு உயிர். கணக்கில் சந்தேகம் ஒன்றும் இல்லை. சாரதாமணியே இங்கே உட்கார்ந்திருந்தாலும் அவிழ்க்கத்தான் சொல்லுவாள். முத்தாத்தாள் முடிச்சில் விரல் வைத்தாள். விரல் முடிச்சிலேயே நின்றது.

ஜமால் அந்தக் கையைப் பார்த்தான்.

"அதெத் தொடாதீங்க்கா."

ஒரு கையால் ஓட்டையை அழுத்திக்கொண்டே தன் பொதியை இழுத்து, கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தான். காகிதம் சுற்றிய புதுப் பனியன்கள். காகிதத்தைக் கிழித்து எறிந்துவிட்டு ஒன்றைச் சுருட்டித் திணித்தான். பனியன் துணி தண்ணீரைக் குடித்து உப்பி, கிழிசலின் இரு பக்கத்தையும் கவ்விக்கொண்டது. அதன்மேல் இன்னும் சிலவற்றை அடுக்கி, அவற்றின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். மிச்சப் பனியன்கள் செந்தண்ணீரில் அவனைச் சுற்றி மிதந்தன.

"அத்தனையும் போச்சே, தம்பி" என்றாள் முத்தாத்தாள்.

"போட்டுக்கறதுக்கு முந்தியே மூணு பேரெத் தாங்குது பாருங்க. கம்பெனிக்காரன் கேட்டா சந்தோசப்படுவான்" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் குவளையை எடுத்து இறைக்க ஆரம்பித்தான்.

அதற்குப் பிறகு பாறைகள் வந்தன. ஒரு திருப்பத்தில் கிழித்தெறிகிற சுழல் வந்தது. ஆத்தப்பன் எதனோடும் சண்டை போடாமல், விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்து இறங்கினான். முத்தாத்தாளுக்குப் பயம் போய்விட்டிருந்தது. அவள் மூட்டையைத் திரும்பத் தலையில் கட்டிக்கொண்டாள். கொட்டாங்கச்சி ஒன்று மிதந்து வந்தது. அதைப் பிடித்து அவளும் தண்ணீர் இறைத்தாள்.

வானம் மறுபடி கறுத்தது. உச்சிப்பொழுது ஆகிவிட்டதா என்று தெரியவில்லை. கொமரலிங்கத்துத் தென்னந்தோப்புகள் தெரிந்தபோது பறைச்சத்தம் கேட்டது. பிறகு அது நின்றுவிட்டது.

தோப்பைத் தாண்டிய கரையில் ஆண்கள் கூடி நின்றார்கள். நடுவில் விறகு அடுக்கியிருந்தது. பக்கத்தில் பாடை இறக்கி வைத்திருந்தது. தண்ணீர் சுடுகாட்டுக்கு ஏறிவிடும் என்று பயந்து, சொன்ன பொழுதுக்கு முன்னாலேயே எடுத்து வந்துவிட்டார்கள். இந்த வெள்ளத்தில் பிறந்த வீட்டிலிருந்து யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்து, யாரோ முறைக்கு ஒரு துண்டைப் போர்த்தியிருந்தார்கள்.

"அங்க உடு, ஆத்தப்பா" என்றாள் முத்தாத்தாள்.

"அது காடுங்க்கா."

"தெரியும். உடு."

கரையிலிருந்து கயிறு வீசினார்கள். இரண்டாம் தடவை ஆத்தப்பன் பிடித்துவிட்டான். பரிசல் கரையோரத் தேங்கலுக்கு வந்து நின்றதும், சென்னியப்பனின் அண்ணன் நாச்சிமுத்து வேகமாக இறங்கி வந்தார். கிழிந்த முந்தானையோடு, தலையில் மூட்டையோடு உட்கார்ந்திருந்தவளை அடையாளம் தெரிந்ததும் அவர் குரல் தணிந்தது.

"இந்தத் தண்ணியிலயாம்மா வந்தீங்க?" என்றார். கொஞ்சம் பொறுத்து, "கோவிச்சுக்காதீங்க. பொம்பளைங்க காட்டுல கால் வெக்கக் கூடாதுங்க. கோடியெக் குடுங்க, நாங்களே போட்டறோம்" என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. ஊர் வழக்கம் அதுதான். முத்தாத்தாள் மூட்டையைத் தலையிலிருந்து இறக்கினாள். ஆனால் நீட்டவில்லை.

"நான் கரையேறலீங்க. ஆத்துலயேதான் இருக்கறேன்" என்றாள். "ஆனா எங்கையால போடறேன்னு அவளுக்குச் சொல்லீருக்கறேனுங்க."

தண்ணீர் இரைந்தது. சென்னியப்பன் கொள்ளிச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு மெல்ல இறங்கி வந்தான். நாலு நாள் தூங்காத முகம். பரிசலைப் பார்த்தான். ஜமால் உட்கார்ந்திருந்த பனியன் குவியலைப் பார்த்தான். அவளுடைய கைகளைப் பார்த்தான்.

"அண்ணா, அவளெ இங்க கொண்டாரலாமுங்க" என்றான்.

"எறக்கி வெச்சதெத் திருப்பித் தூக்கறதா?"

"அவ கேட்டது இந்தக் கையிங்கண்ணா. நான் கேட்டுட்டு நின்னேன்."

நாச்சிமுத்து தம்பியின் முகத்தைப் பார்த்தார். மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு மேட்டில் ஏறினார். பாடையின் ஒரு மூலையில் முதலில் தோள் கொடுத்தவர் அவர்தான்.

நாலு பேர் முட்டளவு தண்ணீரில் இறங்கிப் பாடையைப் பரிசலின் விளிம்புக்கு நேராகத் தாழ்த்திப் பிடித்தார்கள். ஆத்தப்பன் கயிற்றைத் தோளில் சுற்றிக்கொண்டு பரிசலை அசையாமல் இழுத்துப் பிடித்தான். ஜமால் எதிர்ப்பக்கம் சாய்ந்து கனம் கொடுத்தான். அவன் தலை குனிந்திருந்தது.

மூட்டையின் முடிச்சு நனைந்து இறுகிவிட்டிருந்தது. முத்தாத்தாள் பல்லால் கடித்து அவிழ்த்தாள். வெளிச்சுற்று ஈரம். உள்ளே சேலை மொடமொடவென்று அப்படியே இருந்தது. உதறினால் தண்ணீர் படும் என்று மடிப்பு மடிப்பாகப் பிரித்து, பாதத்திலிருந்து கழுத்துவரை போர்த்தினாள். மஞ்சள் பூசின அந்த முகம் கொஞ்சம் இளைத்திருந்தது. சிவப்புக் கரை தோளருகே ஒரு பக்கம் கோணலாக விழுந்தது. அதை நீவி நேராக்கினாள். நேரான பிறகும் கொஞ்ச நேரம் நீவிக்கொண்டிருந்தாள். அதுவரை தூக்கிப் பிடித்திருந்தவர்கள் பாடையைத் தாழ்த்தியபடியே நின்றார்கள்.

பாடை மேடேறியபோது அவள் ஆற்றைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். ஆத்தப்பன் பரிசலைக் கரையோரமாகவே ஊர்த்துறைக்கு இழுத்துக்கொண்டு போனான்.

அன்று மாலை மழை வராமலே விலகிப் போனது. துறையில் தலைமுழுகிய பெண்களில் ஒருத்தி, சென்னியப்பனின் அக்காள், தன் சேலையைத் துவைத்த கையோடு பரிசலில் கிடந்த பனியன்களையும் அள்ளிப் போட்டுத் துவைத்தாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் உட்கார்ந்தார்கள். ஜமால் வேண்டாமுங்க, வேண்டாமுங்க என்று சொல்லிக்கொண்டே நின்றான். அவன் பேச்சை யாரும் கேட்கவில்லை. செம்மண் நிறம் முழுவதும் போகவில்லை. வெளுத்த காவியாக நின்றது.

அடுத்த வீட்டில் சமைத்த சோற்றை ஜமாலும் ஆத்தப்பனும் சென்னியப்பனின் வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வெள்ளம் வடிந்ததும் பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்தே ஊர் போய்விடுவேன் என்று ஆத்தப்பன் சொன்னான். கிழிசலில் சிக்கின பனியனை மட்டும் எடுக்க வரவில்லையாம். அது உன்னோடேயே இருக்கட்டும் என்றான் ஜமால்.

முத்தாத்தாள் வீட்டுக்குப் பின்னால் வந்தாள். சாரதாமணி துணி காயப்போடுகிற கொடி வேம்புக்கும் கிணற்றுத்தூணுக்கும் நடுவே கட்டியிருந்தது. அதில் பனியன்கள் வரிசையாகத் தொங்கின. அவள் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, காயாதவற்றைத் திருப்பிப் போட்டாள்.