‘ஏலும்’ மேசை

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை நானாக எழுத வந்ததல்ல. கொழும்புக் கம்பனி ஒன்று தன் ஆண்டு மலருக்குக் கேட்டது. “வேலையாட்களை உற்சாகப்படுத்தி ஒண்டாய் உழைக்கவைக்கிறதைப் பற்றி நல்லதாய் ஒரு கதை தாருங்கோ.” உடனே என் நினைவுக்கு வந்தவள் மரியரட்ணம். வந்திருக்க வேண்டாம்.

2

[1978இல், யாழ்ப்பாணத்துக் குருநகர்க் கடலில் சூரியன் பொன்னாய் உதித்த ஒரு காலை]

சீ, இறால் வாடிக் கொட்டகைக்குள் ஏது சூரியன்? தகரக் கூரை, ஈரச் சீமெந்துத் தரை, கை விறைக்கும் ஐஸ். இறால் உடைக்க, அதாவது தலையும் தோலும் நீக்க, நாலு மேசை. மேசைக்கு ஆறு பெண்கள். எந்த மேசை கூடுதலாக உடைக்கிறதோ, மறுநாள் வாடியின் ஒரே ரேடியோ அந்த மேசையில் இருக்கும். மரியரட்ணம் பொறுப்பாக இருந்த மேசை எப்போதும் கடைசி. ஏசிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். ஒருநாள் ஒரு சொல்லைத் தடைசெய்தாள், முடியாது என்பதற்கு எங்கள் பக்கத்தில் சொல்லும் சொல்லை.

“இண்டையிலயிருந்து ஒருத்தியும் ‘ஏலாது’ எண்டு சொல்லப்படாது. நான் ஏலுமோ எண்டு கேட்டால் என்ன சொல்லுவியள்?”

“ஏலும்.”

“இதென்ன செத்த குரல்? இன்னொருக்கா!”

“ஏலும் அக்கா!”*

அதற்குப் பிறகு ஒருத்திக்குக் கை ஓய்ந்தால் பக்கத்திலிருப்பவள் அவளுடைய இறாலில் இரண்டு கை அள்ளித் தன் பக்கம் போட்டாள். மூன்று மாதம் ரேடியோ அந்த மேசையை விட்டு அசையவில்லை. மரியரட்ணத்துக்குத் தலைகால் தெரியாத பெருமை.

* இதை எழுதும்போது எனக்கே புல்லரித்தது. அதற்காக இப்போது வெட்கப்படுகிறேன்.

இங்கே நிறுத்தினால் கம்பனிக்குக் கதை முடிந்தது.

3

நிறுத்த முடியவில்லை, றோஸ் இருக்கிறாள். இரண்டு பிள்ளைகளின் தாய், அந்த மேசையிலேயே கை வேகமானவள். இறால் தலையின் கூர்க்கொம்பு அவளுடைய பெருவிரலில் ஏறியது. வாடியில் எல்லாருக்கும் குத்துவதுதான். மூன்றாம் நாள் கை வீங்கிப் பளபளத்தது. ஐஸுக்குள் புதைத்துப் புதைத்து எடுத்து உடைத்துக்கொண்டிருந்தாள்.

மரியரட்ணம் [கண்டும் காணாதவள்போல]

இல்லை. அவளைக் கெட்டவளாக்கிவிட்டு நான் தப்ப முடியாது. கிட்டப் போய், அன்போடுதான் கேட்டாள்.

“றோஸ், ஏலுமோ பிள்ளை?”

“ஏலும் அக்கா.”

பாவம், வேறு என்ன சொல்வாள்? வேறு சொல் அந்த மேசையில் இல்லையே. மற்றவர்களும் சேர்ந்து “ஏலும்!” என்று கத்தினார்கள். மரியரட்ணம் நம்பிவிட்டாள்.

ஐந்தாம் நாள் றோஸ் காய்ச்சலில் மேசையிலேயே சரிந்தாள்.

4

முடிவுகள்.

அ) றோஸ் சுகமாகி வருகிறாள், மேசையே கைதட்டுகிறது. கம்பனிக்கு இதுதான் வேண்டும்.

ஆ) கையை எடுத்துவிடுகிறார்கள். உயிர் மிஞ்சுகிறது.

இ) [அந்த இரண்டு பிள்ளைகளும் வாடி வாசலில்]

இந்த மூன்றுமில்லை, என்னால் எழுத முடிந்தது இவ்வளவுதான்: ஆஸ்பத்திரிக் கட்டில். தோள்வரை நஞ்சு ஏறிவிட்டது என்று சொல்லிவிட்டு டாக்குத்தர் போய்விட்டார். மரியரட்ணம் குனிந்தாள். நோகுதோ என்று கேட்கத்தான் நினைத்தாள். மூன்று மாதப் பழக்கம் விடவில்லை.

“ஏலுமோ பிள்ளை?”

றோஸ் கண்ணைத் திறக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

“ஏலும்.”

மரியரட்ணம் தலையில் அடித்துக்கொண்டு குழறி அழுதாள். “ஐயோ, ஏலாதெண்டு சொல்லடி! ஒருக்காச் சொல்லடி!”

சொன்னாளா? அந்த முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் கதையைத் தர ஏலுமோ என்று இன்று காலை கம்பனியிலிருந்து கேட்டார்கள். நான் சொன்னது: “ஏல…”