வாசலில் திரும்பும் நரம்பு

இப்படிப் பக்கத்தில் வந்து உட்காருங்கள் கண்மணிகளே. முதுகுக்கு ஆளுக்கொரு தலையணை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முதுகின் கதைதான் சொல்லப்போகிறேன். முதலில் கேட்டபோது நான் வாயடைத்துப் போனேன், நீங்களும் போவீர்கள்.

சூலியா தெருவில் நூர் முகம்மதுவுக்கு ஒரு நாசி கண்டார் கடை, சோறும் பலவகைக் கறியும் விற்கிற கடை. அங்கே கறி அண்டாக்களுக்குப் பொறுப்பு அவர் தங்கை ஆசியா பீவியின் கணவர் ஜாஹிர். அடுப்புகள் தரையோடு தரையாகக் கிடக்கும். நூர் முகம்மதுவின் வாப்பா காலத்திலிருந்தே அப்படித்தான். குனிந்து அண்டாவைத் தூக்கி, இடுப்பை ஒரு திருப்புத் திருப்பி மேசையில் வைக்கவேண்டும். பதினெட்டு வருடம் தூக்கியவருக்கு, நோன்புப் பெருநாள் கழிந்த வாரம் கீழ் முதுகில் பிடித்த வலி மூன்று மாதமாக விடவில்லை.

ஸ்கேன் எடுத்தார்கள். எலும்பு சரி, டிஸ்க் சரி. "ஒண்ணும் இல்லையாம்" என்ற சேதி, ஜாஹிர் திரும்பி வருவதற்குள் கடைக்கு வந்துவிட்டது.

அடுத்து வெள்ளிக்கிழமை. முடியாதவர்களுக்குப் பள்ளிவாசலில் நாற்காலி உண்டு. அதில் உட்கார ஜாஹிருக்கு மனம் வரவில்லை. நின்றே தொழுதார். ருகூவில் இரண்டு முழங்காலையும் பிடித்துக்கொண்டு அழகாகக் குனிந்தார். பின் வரிசையில் நின்ற மச்சானின் கண் அன்றைக்குத் தொழுகையில் இல்லை.

கடைக்கு வந்ததும் நூர் முகம்மது கேட்டார். "ஏன் மாப்ளே, ருகூவுக்குக் குனியிற முதுகு எங் கடை அண்டாவுக்கு மட்டும் குனியாதோ?"

கடையே சிரித்தது. ருகூவில் ஜாஹிருக்கு உண்மையிலேயே வலிக்கவில்லை. அப்படியானால் மச்சான் சொல்வதுதான் சரியா, தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்கிறோமா என்று மனம் அரித்தது. இரவு தைலம் தேய்த்துவிட்ட ஆசியா பீவியும் மெல்லக் கேட்டாள். "நெசமா வலிக்குதாங்க? அண்ணன் கேட்டா நான் என்னத்தச் சொல்ல?" அந்த 'நெசமா'வைக் கேட்டதும் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பிசியோதெரபி பார்க்கும் லோகேஸ்வரியிடம் போன அன்று, நூர் முகம்மதுவும் காரில் ஏறிக்கொண்டார். "என்ன நோவுன்னு நானும் தெரிஞ்சுக்கணும்லா."

ஜாஹிர் முதலிலேயே ஒப்புக்கொண்டார். "ஒண்ணு சொல்லிடுறேம்மா. ருகூவுல எனக்கு வலிக்கல."

லோகேஸ்வரி சிரிக்கவில்லை. "செஞ்சு காட்டுங்கண்ணே."

குனிந்தார். வலியில்லை. நூர் முகம்மது தொண்டையைக் கனைத்தார்.

"அப்படியே இருங்க. இப்ப கைய முட்டியிலேருந்து எடுங்க." அந்தக் கைகளில் ஒரு பெரிய தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தாள். "லேசா இடது பக்கம் திரும்புங்க."

ஜாஹிரின் முகம் வெளுத்தது. பாட்டில் உருண்டு மச்சானின் காலடியில் போய் நின்றது. லோகேஸ்வரி அவர் கீழ் முதுகில் இரண்டு எலும்புகளுக்கு நடுவே கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். "இங்கதானே?"

அவர் தலையாட்டினார். மூன்று மாதத்தில் அன்றுதான் இன்னொருவர் விரல் அந்த வலியைச் சரியாகத் தொட்டது.

"கை முட்டியில இருந்தா பாதி பாரத்தைக் கையே தாங்கிக்கும். கைய எடுத்தா எல்லாம் இந்த நார் மேல விழுது. எலும்பையும் எலும்பையும் கட்டி வெச்சிருக்கிற நார். அதுக்கும் நரம்பு இருக்கு, அதுவும் வலிக்கும். ஸ்கேன்ல எல்லாம் தெரியாதுண்ணே."

மேசையிலிருந்த பிளாஸ்டிக் முதுகெலும்பை எடுத்து வந்தாள். எலும்புகளின் இடுக்கிலிருந்து மஞ்சள் நரம்புகள் எட்டிப் பார்த்தன. "வெளிய வந்த நரம்புல ஒரு கிளை பின்னால போயி இந்த நாரைப் பாத்துக்குது. இன்னொண்ணு இருக்கு பாருங்க, முடி மாதிரி. இந்த இடுக்குதான் அதுக்கு வாசல். வாசலைத் தாண்டினதும் திரும்பி, வந்த வழியாவே உள்ள போயிடும். உள்பக்கத்து நாரைப் பாத்துக்க."

ஜாஹிர் அந்த மயிரிழையையே பார்த்துக்கொண்டிருந்தார். விடிவதற்கு முன் கதவைச் சாத்திக்கொண்டு கடைக்கு ஓடுகிற அவர், ஒருநாளும் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தவரில்லை. அவருக்குள்ளேயோ, வாசல் தாண்டியும் வீட்டை நினைத்துத் திரும்புகிற ஒன்று, அவர் பிறக்கும் முன்பிருந்தே காவல் இருந்திருக்கிறது. அது கூப்பிட்டதைத்தான் பொய்யோ என்று சந்தேகித்திருக்கிறார்.

"ஒவ்வொரு எலும்புக்குமா?" கேட்டவர் நூர் முகம்மது. குரல் பள்ளிவாசலுக்குள் பேசுவதுபோல் தணிந்திருந்தது.

"ஒவ்வொண்ணுக்கும். ரெண்டு பக்கமும்."

"எனக்குமா?"

"உங்களுக்கு இல்லாமலா அண்ணே?"

அவர் கை தன் முதுகுக்குப் போயிற்று. "சுப்ஹானல்லாஹ்" என்றார்.

காரில் ஏறியதும் தங்கைக்குப் போன் போட்டார். "ஆசியா, மாப்ளைக்கு நெசமாவே வலிதான். எங் கண்ணால பாத்தேன். அஞ்சாறு வாரம் அண்டாவைத் தொடக்கூடாதாம், தேகப்பயிற்சி செய்யணுமாம். அடுப்பையெல்லாம் இடுப்பு உசரத்துக்கு ஏத்தப்போறேன். வாப்பா இருந்தாலும் ஒத்துக்குவாரு."

"போனை அவங்ககிட்ட குடுங்கண்ணே" என்று ஆசியா பீவி அவசரப்படுத்தினாள்.

அவ்வளவுதான் கண்மணிகளே. வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால், கேட்டவுடன் நம்புகிற ஒருவர் உங்கள் வீட்டில் என்றைக்கும் இருக்கட்டும். வாசல் தாண்டிப் போனவர்களெல்லாம் வலியில்லாமல் வீடு திரும்பட்டும்.